வானத்தில் ஏறிய வங்காளி

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 110 மாடிக் கட்டிடம் ஒன்று நிற்கிறது. உயரம் 1,450 அடி. 1974-ம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட இந்தக் கட்டிடம், 1998-ம் ஆண்டு வரை உலகத்திலேயே உயரமான கட்டிடம் என்ற பெருமையை யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. முதலில் அதன் பெயர் சியர்ஸ் டவர். 2009-ம் ஆண்டு முதல் வில்லிஸ் டவர்.

இந்த உயரத்துக்கு இரும்பை அடுக்கும் வழியைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் பிறந்தவர் அல்ல. டாக்காவில் பிறந்தவர். கல்கத்தாவை அடுத்த சிப்பூரில் படித்தவர். அவர் பெயர் பஸ்லுர் ரகுமான் கான். கட்டிட என்ஜினீயர்களில் ஐன்ஸ்டீன் என்று இவரைப் பாராட்டுகிறார்கள்.

பூமிக்குள் மனிதன் எவ்வளவு ஆழம் போக முடியும் என்ற கேள்விக்கு கோலார் தங்கவயல் 100 ஆண்டுகளுக்கு மேல் விடை சொன்னது. நந்திதுர்க், சாம்பியன் ரீப், மைசூர் சுரங்கங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் கேஜில் ஏறி, ஆயிரக்கணக்கான அடி கீழே இறங்கினார்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் 10 ஆயிரம் அடிக்கும் கீழே போயிற்று. கான் எடுத்துக் கொண்டது இதற்கு நேர் எதிரான கேள்வி. மேலே எவ்வளவு உயரம் போகலாம்? போகிற செலவு கட்டுப்படியாகுமா? போனால் அங்கே மனிதன் நிம்மதியாக உட்கார்ந்து வேலை பார்க்க முடியுமா?

இந்த மூன்று கேள்விகளுக்கும் சேர்த்து விடை கண்டதுதான் அவருடைய வாழ்க்கை.

ஆசிரியரின் மகன்

1929-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந்தேதி டாக்காவில் பிறந்தார் கான். அப்போது இந்தியா பிரியவில்லை. வங்காளம் ஒன்றாக இருந்தது. தந்தை அப்துர் ரகுமான் கான் கணித ஆசிரியர். கல்வித்துறையில் உயர்ந்த பதவிகளை வகித்து, பின்னர் டாக்கா ஜெகந்நாத் கல்லூரி முதல்வராகவும் இருந்தார். வீட்டில் புத்தகங்களுக்குக் குறைவில்லை. கணக்கு என்றால் பயமில்லை.

டாக்கா ஆர்மானிடோலா அரசு உயர்நிலைப் பள்ளியில் கான் படித்தார். பிறகு சிப்பூர் வங்காள என்ஜினீயரிங் கல்லூரியில் சேர்ந்தார். படித்துக் கொண்டிருக்கும்போதே நாடு இரண்டாகப் பிரிந்தது. 1950-ம் ஆண்டு கல்கத்தாவிலும் டாக்காவிலும் கலவரம் மூண்டது. சிப்பூரில் படிப்பை முடிக்க முடியாத நிலை. கான் டாக்காவுக்குத் திரும்பி, அங்கிருந்த அசனுல்லா என்ஜினீயரிங் கல்லூரியில் கடைசிப் பகுதியை முடித்தார். வகுப்பில் முதல் இடம் அவருக்கே.

சிறிது காலம் நெடுஞ்சாலைத் துறையில் உதவி என்ஜினீயராக வேலை பார்த்தார். தான் படித்த கல்லூரியிலேயே பாடமும் நடத்தினார். 1952-ம் ஆண்டு அமெரிக்காவில் மேற்படிப்புக்கான புல்பிரைட் உதவித்தொகை கிடைத்தது. பாகிஸ்தான் அரசின் உதவித்தொகையும் சேர்ந்து கொண்டது. 23 வயது வாலிபர் கடல் கடந்து இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தார்.

மூன்றே ஆண்டுகள். அதற்குள் 2 எம்.எஸ். பட்டங்கள், அவற்றின் மேல் ஒரு டாக்டர் பட்டம். 1955-ம் ஆண்டு சிகாகோவில் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்டு மெரில் என்ற பெரிய கட்டிட நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஊருக்குத் திரும்பினார்

அமெரிக்காவில் நல்ல வேலை கிடைத்த பிறகும் கான் அங்கேயே தங்கிவிடவில்லை. 1957-ம் ஆண்டு பாகிஸ்தானுக்குத் திரும்பினார். கராச்சி வளர்ச்சிக் கழகத்தில் என்ஜினீயர் பதவி கிடைத்தது. பெரிய பதவிதான். ஆனால் அவர் மேசைக்கு வந்தவை பெரும்பாலும் பைல்கள். கட்டிடம் வரையும் வேலை அவர் கைக்கு வரவில்லை. கணக்குப் போட வந்தவருக்குக் கையெழுத்துப் போடும் வேலையே மிஞ்சியது.

தாய்நாட்டில் பதவியோடு இருப்பதா, அல்லது தெரிந்த தொழிலைச் செய்யக் கடல் கடந்து போவதா? இந்தக் கேள்வி கானுக்கு மட்டும் வந்தது அல்ல. வேலைக்காக வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களை விட்டுத் தங்கவயலுக்கு வந்த குடும்பங்களுக்கும் இது தெரிந்த கேள்விதான். 1960-ம் ஆண்டு கான் சிகாகோவுக்கே திரும்பினார். பழைய நிறுவனம் அவரை வரவேற்றது. அவருடைய பெரிய கட்டிடங்கள் எல்லாம் அதற்குப் பின் எழுந்தவை.

காற்று என்ற எதிரி

உயரமான கட்டிடத்துக்கு எதிரி அதன் பாரம் என்று பலர் நினைக்கலாம். பாரத்தைத் தாங்குவது என்ஜினீயருக்குப் பெரிய வேலை அல்ல. மாடி கூடக் கூடத் தூண்களைச் சிறிது சிறிதாகப் பருமனாக்கிக் கொண்டே போனால் போதும். உண்மையான எதிரி காற்று.

பாரம் கீழ்நோக்கி அழுத்துகிறது. காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது. கட்டிடத்தின் உயரம் 2 மடங்கானால், அதை அடியோடு சாய்க்கப் பார்க்கும் காற்றின் திருப்புவிசை 2 மடங்கு அல்ல, 4 மடங்கு. அதே பலமுள்ள கட்டிடத்தை 2 மடங்கு உயர்த்தினால் உச்சி ஆடும் தூரம் 16 மடங்காகிவிடும். காற்று ஒரே அளவாக வீசினாலே இந்தக் கணக்கு. மேலே போகப் போகக் காற்று பலக்கும் என்பது வேறு.

இரும்புச் சட்டத்தில் எழுந்த ஆரம்பகால உயர்மாடிக் கட்டிடங்களுக்குப் பெயர் பெற்றதும் சிகாகோதான். 1885-ம் ஆண்டு அங்கே கட்டப்பட்ட ஹோம் இன்சூரன்ஸ் கட்டிடம் 10 மாடி. அப்போதிருந்து எல்லோரும் பின்பற்றிய முறை ஒன்றுதான். தளம் முழுவதும் தூண்களை நிறுத்துவது, தூண்களை உத்தரங்களால் இணைப்பது. 1931-ம் ஆண்டு நியூயார்க்கில் எழுந்த 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டிடமும் இந்த வழியில் வந்ததே.

இந்த முறையில் உயரத்துக்குத் தண்டம் கட்ட வேண்டியிருந்தது. குறிப்பிட்ட மாடிகளுக்கு மேல் போனால், வாங்கும் இரும்பில் பெரும்பகுதி ஆட்களையும் மேசைகளையும் தாங்குவதற்கு அல்ல. காற்றை எதிர்ப்பதற்கே போய்விடும். எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தில் ஒவ்வொரு சதுர அடித் தளத்துக்கும் சுமார் 42 பவுண்டு இரும்பு செலவாயிற்று. ஆபீசுகளோ தளத்தின் நடுவில் தூண்களை விரும்பவில்லை. விசாலமான இடம் கேட்டன. தூணை எடுத்தால் பலம் போகும். தூணை வைத்தால் இடம் போகும்.

கானின் மூளை வேலை செய்தது இந்த இடத்தில்தான்.

மூங்கில் சொல்லும் பாடம்

மூங்கில் உள்ளே வெறுமையானது. ஆனால் எவ்வளவு உயரம் வளர்கிறது! அடிக்கிற காற்றில் வளைந்து, மீண்டும் நிமிர்ந்து நிற்கிறது. அதே எடையுள்ள கெட்டிக் கம்பு அந்த உயரத்துக்கு நிற்காது. காரணம், மூங்கிலின் பலம் எல்லாம் அதன் ஓரத்தில் இருக்கிறது.

கான் கட்டிடத்தை ஒரு குழாயாகப் பார்த்தார். நடுவில் பரவிக் கிடந்த தூண்களை வெளிச்சுவருக்குக் கொண்டு போனார். அங்கே தூண்களை நெருக்கமாக நிறுத்தி, ஆழமான உத்தரங்களால் இறுக்கிப் பிணைத்தார். நாலு சுவர்களும் சேர்ந்து ஒரே குழாயாக வேலை செய்தன. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கட்டிடம் முழுவதும் சேர்ந்து எதிர்த்தது. உள்ளே லிப்ட், படிக்கட்டு, குழாய்கள் உள்ள நடுப்பகுதியைத் தவிர மற்ற இடம் காலியாகக் கிடைத்தது.

1960-களின் நடுவில் சிகாகோவில் எழுந்த 43 மாடி டெவிட் செஸ்ட்நட் குடியிருப்பு இந்த முறையில் கட்டப்பட்ட முதல் கட்டிடம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சாதாரணக் காங்கிரீட் கட்டிடம். என்ஜினீயர்களுக்கு அது புதிய பாடம்.

கட்டிடம் வரைவதற்குக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்திய முதல் சிலரில் கானும் ஒருவர். நூற்றுக்கணக்கான தூண்களும் உத்தரங்களும் சேர்ந்து காற்றை எப்படிப் பங்கிட்டுக் கொள்கின்றன என்பதைக் கையால் கணக்கிட்டால் மாதங்கள் ஆகும். ஆனால் கம்ப்யூட்டர் சொன்னதை அவர் அப்படியே நம்பிவிட மாட்டார். பலம் எந்த வழியாக இறங்குகிறது என்பதை முதலில் மனக்கண்ணில் பார்த்துவிட்டுத்தான் கணக்குக்குப் போவார். எத்தனை மாடிக்கு எந்த முறை சிக்கனமானது என்று அவர் வகுத்துக் கொடுத்த அட்டவணை பல நாட்டுக் கல்லூரிகளுக்குப் பாடமாயிற்று.

சாய்வுக் கால்கள்

நந்திதுர்க் சுரங்க ஷாப்டுகளின் மேல் நின்ற இரும்புக் கோபுரங்களைத் தங்கவயல் மக்கள் பிறந்தது முதல் பார்த்து வளர்ந்தவர்கள். கோபுரத்தின் உச்சியில் பெரிய சக்கரம். அதன் மேல் ஓடும் கம்பி வடத்தை என்ஜின் வீடு பக்கவாட்டில் இழுக்கும். அந்த இழுப்பில் கோபுரம் சாய்ந்துவிடாதபடி, என்ஜின் வீட்டுப் பக்கம் சாய்வான கால்கள் ஊன்றியிருக்கும். பக்கவாட்டில் வரும் இழுப்புக்குச் சாய்வுக் கால்தான் மருந்து. இது இரும்பு வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும்.

கான் இதே மருந்தை 100 மாடிக் கட்டிடத்துக்குக் கொடுத்தார். அதுதான் சிகாகோவின் ஜான் ஹான்காக் சென்டர். உயரம் 1,127 அடி. 1965-ம் ஆண்டு வேலை தொடங்கி, 1969-ம் ஆண்டு கட்டிடம் எழுந்து நின்றது.

நிறுவனத்தில் கானோடு சேர்ந்து உழைத்த கட்டிடக் கலைஞர் புரூஸ் கிரகாம். ஆபீசுக்கு ஒன்று, குடியிருப்புக்கு ஒன்று என்று 2 கட்டிடங்கள் கட்டத்தான் முதலில் யோசித்தார்கள். பிறகு இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார்கள். கீழே கடைகள், கார் நிறுத்தும் இடம், நடுவில் ஆபீசுகள், மேலே வீடுகள். ஆபீசுக்குப் பெரிய தளம் வேண்டும். வீட்டுக்கு ஜன்னல் பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் கட்டிடம் அடியில் அகன்று, மேலே போகப் போகக் குறுகியது.

வெளிச்சுவரின் மேல் பிரமாண்டமான பெருக்கல் குறிகளைப் போலச் சாய்வுச் சட்டங்களைப் பூட்டினார் கான். ஒவ்வொரு குறியும் பல மாடிகளைத் தாண்டிச் செல்லும். காற்றின் தள்ளலை இந்தச் சட்டங்கள் நேராகத் தரைக்கு இறக்கின. மாடிகளின் பாரத்தையும் பங்கிட்டுக் கொண்டன. சாய்வுச் சட்டத்தை மூடி மறைக்கவில்லை. ஜன்னல்களுக்குக் குறுக்கே வெளிப்படையாகவே விட்டார்கள். பிறகு அதுவே அந்தக் கட்டிடத்தின் அடையாளமாயிற்று.

பலன் என்ன? எம்பயர் ஸ்டேட் கட்டிடத்துக்குச் சதுர அடிக்கு 42 பவுண்டு இரும்பு. ஹான்காக் கட்டிடத்துக்கு 30 பவுண்டுக்கும் சற்றுக் குறைவு. 100 மாடிக் கட்டிடத்தைப் பாதி உயரக் கட்டிடத்தின் கணக்கில் முடித்துக் காட்டினார்.

தரைக்குக் கீழே நடந்த சோதனை

இந்தக் கட்டிடத்துக்கு ஆபத்து காற்றிலிருந்து வரவில்லை. பூமிக்குள்ளிருந்து வந்தது. 1966-ம் ஆண்டு இரும்புச் சட்டம் எழுந்து கொண்டிருந்தபோது, ஒரு தூண் இருக்க வேண்டிய இடத்தைவிடக் கீழே இறங்கியிருப்பது தெரிந்தது. வேலை நிறுத்தப்பட்டது. அஸ்திவாரத்தைச் சோதித்தார்கள். பூமிக்குள் ஆழமாக இறக்கப்பட்ட காங்கிரீட் தூண் ஒன்றில் ஒரு பகுதி காங்கிரீட்டே இல்லாமல் வெற்றிடமாக இருந்தது.

மேலே எவ்வளவு அழகான கணக்குப் போட்டாலும், கண்ணுக்குத் தெரியாத அடியில் பொத்தல் இருந்தால் பயன் இல்லை. எல்லா அஸ்திவாரத் தூண்களையும் சோதித்து, குறைகளைச் சரி செய்த பிறகே வேலை தொடர்ந்தது. மாதங்கள் வீணாயின. செலவு ஏறியது. கட்டிடத்தைத் தொடங்கிய முதலாளி அதை மற்றவர்களிடம் விட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் கட்டிடம் பத்திரமாக எழுந்தது.

ஆட்டம் எவ்வளவு தாங்கும்?

உயரமான கட்டிடம் காற்றில் ஆடும். ஆடாத கட்டிடம் கிடையாது. உடையாதபடி கட்ட என்ஜினீயருக்குத் தெரியும். ஆனால் 90-வது மாடியில் படுத்திருப்பவருக்குத் தலை சுற்றினால்? ஆபீசில் உட்கார்ந்திருப்பவருக்கு வயிற்றைக் குமட்டினால்? கட்டிடம் பலமாக இருந்தும் பயன் இல்லை.

தங்கவயலில் பாறை வெடிப்பு நடந்த நாட்களில் தரைக்கு மேல் இருந்த வீடுகள் குலுங்கியதைப் பெரியவர்கள் சொல்லுவார்கள். ஓடு சிதறாவிட்டாலும் மனம் பதறும். ஆட்டத்தின் அளவு வேறு, அது மனிதனுக்குத் தரும் பயம் வேறு.

மனிதன் எவ்வளவு ஆட்டத்தை உணராமல் இருக்க முடியும் என்பதற்கு அந்த நாளில் சரியான கணக்கு இல்லை. கான் அதைத் தேடிப் போன இடம் வேடிக்கையானது. சிகாகோவின் விஞ்ஞானக் காட்சிச்சாலையில் ஒரு சலவை எந்திரக் கம்பெனி சுழன்று ஆடும் மேடை ஒன்றைக் காட்சிக்கு வைத்திருந்தது. கான் அந்த மேடையில் ஆட்களை ஏற்றினார். நிற்க வைத்தார், உட்கார வைத்தார், படுக்க வைத்தார். மேடையின் ஆட்டத்தை மாற்றி மாற்றி, எந்த அளவில் அவர்களுக்கு ஆட்டம் தெரிகிறது, எந்த அளவில் தொல்லையாகிறது என்று குறித்துக் கொண்டார்.

கட்டிடம் எத்தனை அங்குலம் நகர்கிறது என்பதைவிட, எவ்வளவு வெடுக்கென்று நகர்கிறது என்பதே மனிதனுக்கு முக்கியம். ரெயில் ஒரே வேகத்தில் ஓடும்போது உள்ளே இருப்பவருக்குத் தெரிவதில்லை. பிரேக் போடும்போதுதான் தெரிகிறது. அதுபோலத்தான் இதுவும். சலவை எந்திர மேடையில் கிடைத்த அளவுக்குள் ஹான்காக் கட்டிடத்தின் ஆட்டம் அடங்கியிருந்தது. உயரமான கட்டிடத்தின் தரத்தை அதில் இருக்கும் மனிதனின் உடம்பைக் கொண்டு அளக்க வேண்டும் என்ற வழக்கம் இத்தகைய சோதனைகளால் வளர்ந்தது.

கைநிறைய சிகரெட்

சியர்ஸ் ரோபக் என்பது அமெரிக்காவின் மிகப் பெரிய வியாபார நிறுவனமாக இருந்தது. சிகாகோவில் பல இடங்களில் சிதறிக் கிடந்த தன் ஊழியர்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவர நினைத்தது. தனக்குப் பெரிய பெரிய தளங்கள் வேண்டும். வாடகைக்கு விடுவதற்குச் சிறிய தளங்கள் வேண்டும். இரண்டும் ஒரே கட்டிடத்தில் வேண்டும்.

புரூஸ் கிரகாம் ஒரு நாள் கானுடன் பேசிக் கொண்டிருந்தபோது கைநிறைய சிகரெட்டுகளைச் சேர்த்துப் பிடித்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு உயரத்துக்கு இழுத்துக் காட்டினாராம். இப்படி ஒரு கட்டிடம் நிற்குமா என்பது கேள்வி. நிற்கும் என்பது கானின் பதில். ஒரு குச்சியை ஒடிப்பது சுலபம். விறகுக் கட்டை ஒடிப்பது சுலபமா?

ஒரு குழாய்க்குப் பதிலாக 9 குழாய்கள். ஒவ்வொன்றும் 75 அடிக்கு 75 அடி சதுரம். மூன்று வரிசையில் மூன்று மூன்றாக நெருக்கி, பக்கச் சுவர்களைப் பொதுவாக்கி, ஒரே கட்டாகக் கட்டினார் கான். அடியில் ஒவ்வொரு தளமும் 50 ஆயிரம் சதுர அடிக்கு மேல். 50-வது மாடியில் 2 குழாய்கள் நின்றுவிடும். 66-வது மாடியில் மேலும் 2 நிற்கும். 90-வது மாடியில் 3 நிற்கும். கடைசி 2 மட்டும் உச்சி வரை போகும். கீழே சியர்சுக்குப் பெரிய தளம். மேலே வாடகைதாரர்களுக்குச் சிறிய தளம். கேட்டது கிடைத்தது.

110 மாடிக்கும் சதுர அடிக்கு 33 பவுண்டு இரும்பே செலவாயிற்று. இரும்புச் சட்டங்களைத் தொழிற்சாலையிலேயே 2 மாடி உயரத் துண்டுகளாக வெல்டிங் செய்து கொண்டு வந்தார்கள். கட்டும் இடத்தில் போல்ட் போட்டு இணைத்தார்கள். வானத்தின் நடுவில் காற்றிலும் பனியிலும் தொங்கிக் கொண்டு செய்ய வேண்டிய ஆபத்தான வேலை பெருமளவு குறைந்தது.

அடுத்த சிக்கல் லிப்ட். ஆயிரக்கணக்கானவர்கள் காலையில் ஒரே நேரத்தில் வேலைக்கு வருவார்கள். ஒவ்வொரு மாடிக்கும் தரையிலிருந்தே லிப்ட் விட்டால், கீழ்த்தளங்களில் லிப்ட் குழிகளைத் தவிர வேறு இடமே இருக்காது. இதற்கு அவர்கள் செய்த ஏற்பாடு தங்கவயல்காரர்களுக்குப் புதிது அல்ல. ஆழமான மட்டத்துக்குப் போகும் தொழிலாளி ஒரே ஷாப்டில் அடிவரை போக மாட்டார். ஒரு ஷாப்டில் இறங்கி, கீழே நடந்து, வேறு ஷாப்டின் கேஜுக்கு மாறுவார். சியர்ஸ் கட்டிடத்திலும் அப்படியே. 33, 66-வது மாடிகளில் மாறும் கூடங்கள். தரையிலிருந்து அங்கே வரை நடுவில் நிற்காத இரட்டை அடுக்கு லிப்ட். அங்கே இறங்கி உள்ளூர் லிப்டுக்கு மாற வேண்டும். மொத்தம் 100-க்கு மேற்பட்ட லிப்டுகள்.

1973-ம் ஆண்டு மே மாதம் கட்டிடம் உச்சியை எட்டியது. அதே ஆண்டில்தான் பெங்களூர் மகாத்மா காந்தி ரோட்டில் 25 மாடி பப்ளிக் யுடிலிட்டி கட்டிடமும் முடிந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் 177 அடி உயர எல்.ஐ.சி. கட்டிடம் 1959-ம் ஆண்டிலேயே திறக்கப்பட்டுவிட்டது. தென்னாடு அண்ணாந்து பார்க்கப் பழகிய காலம் அது.

காங்கிரீட்டிலும் அதே வித்தை

இரும்போடு கான் நிற்கவில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒன் ஷெல் பிளாசா என்ற 50 மாடி ஆபீஸ் கட்டிடத்தை எடை குறைந்த காங்கிரீட்டால் எழுப்பினார். உயரம் 714 அடி. 1971-ம் ஆண்டு முடிந்தபோது காங்கிரீட் கட்டிடங்களில் அதற்கு ஈடு இல்லை. அங்கே மண் இளக்கமானது. கட்டிடம் கனத்தால் மண் தாங்காது. அதனால் உள்ளே ஒரு குழாய், வெளியே ஒரு குழாய் என்று வைத்தார். 35 மாடிக்கு ஆகும் செலவிலேயே 50 மாடியும் முடிந்தது. பாரம் அதிகம் விழும் இடங்களில் வெளித்தூண்களைச் சற்று முன்னே தள்ளித் தடிமனாக்கினார். அதனால் சுவர் அலை அலையாகத் தெரிகிறது. அழகுக்காகச் செய்தது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அது பாரத்தின் கணக்கு.

தாய்மொழியை மறக்காதவர்

கான் 1967-ம் ஆண்டு அமெரிக்கக் குடிமகன் ஆனார். நிறுவனத்தில் பங்குதாரராகவும் உயர்ந்தார். ஆனாலும் வங்காளம் அவரை விட்டுப் போகவில்லை. ரவீந்திரநாத் தாகூரின் பாடல்களை விரும்பிப் பாடுவார். நண்பர்கள் கூடினால் வீட்டில் வங்காளப் பாட்டு ஒலிக்கும்.

1971-ம் ஆண்டு கிழக்கு வங்காளத்தில் விடுதலைப் போர் வெடித்தது. லட்சக்கணக்கான மக்கள் வீடிழந்து இந்தியாவுக்குள் ஓடி வந்தார்கள். சியர்ஸ் கட்டிட வேலை மும்முரமாக நடந்து கொண்டிருந்த நேரம் அது. கான் பகலில் கட்டிடக் கணக்கைப் பார்த்தார். மற்ற நேரத்தில் சிகாகோவில் இருந்த வங்காளிகளைத் திரட்டினார். அகதிகளுக்கு நிதி சேர்க்கச் சங்கம் அமைத்தார். வாஷிங்டனுக்குப் போய், அமெரிக்கத் தலைவர்களிடம் வங்காள மக்களின் துயரத்தை எடுத்துச் சொல்ல ஏற்பாடு செய்தார். அந்த ஆண்டின் முடிவில் பங்களாதேசம் பிறந்தது. வெளிநாட்டில் உட்கார்ந்து கொண்டு ஊருக்கு என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு அவர் செய்கையால் பதில் சொன்னார்.

சிகாகோவில் இல்லினாய்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்கும் நேரம் ஒதுக்கினார். ஹான்காக் கட்டிடத்தின் சாய்வுச் சட்டத்துக்கு முன்னோடியே அந்தக் கல்லூரியில் மாணவர் ஒருவர் செய்த ஆராய்ச்சிதான். என்ஜினீயர் கணக்கில் மட்டும் மூழ்கிவிடக் கூடாது, மனிதர்களையும் இசையையும் கலையையும் அறிந்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

கூடாரத்தின் நிழலில்

கானின் கடைசிப் பெரிய வேலை உயரமானது அல்ல, அகலமானது. சவூதி அரேபியாவில் ஜெட்டா விமான நிலையத்தில் ஹஜ் பயணிகளுக்காகக் கட்டிய பகுதி. ஆண்டில் சில வாரங்களில் லட்சக்கணக்கான பயணிகள் வந்து இறங்குவார்கள். பாலைவன வெயில். அவ்வளவு பெரிய இடத்தை எந்திரத்தால் குளிர வைப்பதானால் செலவு தாங்காது.

உயரமான இரும்புத் தூண்களில் கம்பி வடங்களைக் கட்டி, 210 துணிக் கூடாரங்களைத் தொங்க விட்டார்கள். கண்ணாடி இழையில் நெய்து, டெப்லான் பூசிய துணி அது. வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். சூடான காற்று கூடார உச்சியிலுள்ள துவாரம் வழியாக மேலே போய்விடும். கீழே நிழலும் காற்றும். பாலைவன மக்களின் பழைய கூடாரத்தையே புதிய விஞ்ஞானத்தில் எழுப்பிக் கொடுத்தார்கள். 1981-ம் ஆண்டு அது திறக்கப்பட்டது. 1983-ம் ஆண்டு ஆகாகான் கட்டிடக்கலைப் பரிசு பெற்றது.

அந்தப் பரிசைப் பார்க்கக் கான் இல்லை. 1982-ம் ஆண்டு மார்ச் 27-ந்தேதி, வேலையாகப் போயிருந்த ஜெட்டா நகரிலேயே மாரடைப்பால் காலமானார். 53 வயது நிறைய இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அவருக்குப் பின்

சியர்ஸ் நிறுவனம் 1990-களில் அந்தக் கட்டிடத்தை விட்டு நகருக்கு வெளியே போய்விட்டது. கட்டிடம் நிற்கிறது. வேறு வேறு நிறுவனங்கள் அந்தத் தளங்களில் குடியேறின. ஒரு முதலாளிக்காகக் கட்டியது, பலருக்குப் பயன்படும்படி அமைந்ததும் அதன் வெற்றிதான். 2010-ம் ஆண்டு துபாயில் திறக்கப்பட்ட 2,717 அடி உயர புர்ஜ் கலீபாவை வரைந்ததும் கான் வேலை பார்த்த அதே நிறுவனம். அவர் காலத்தில் அங்கே வேரூன்றிய சிந்தனையின் தொடர்ச்சி அது.

உயரம் கூடக் கூட வேறு கேள்விகளும் எழுந்தன. 1975-ம் ஆண்டு சென்னை எல்.ஐ.சி. கட்டிடத்தில் தீப்பிடித்தபோது, மாடிக் கட்டிடத்தில் தீயை எப்படி அணைப்பது என்று தென்னாடு முதல் முறையாகக் கவலைப்பட்டது. கண்ணாடிச் சுவர்களுக்குள் அடைபடும் வெப்பத்தை வெளியேற்ற எவ்வளவு மின்சாரம் ஆகிறது என்று இப்போது கணக்குப் பார்க்கிறார்கள். குறைந்த பொருளில் நிறைந்த பயன் என்று கான் இரும்புக்குப் போட்ட கணக்கை, இன்றைய என்ஜினீயர்கள் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் போட வேண்டியிருக்கிறது.

2001-ம் ஆண்டு தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நந்திதுர்க்கில் கேஜில் இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று விடியற்காலையில் மாரிகுப்பத்திலும் உரிகாமிலும் ரெயில் ஏறி, பெங்களூரின் மாடிக் கட்டிடங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். 10-வது மாடியிலோ 20-வது மாடியிலோ ஆட்டம் தெரியாமல், நடுவில் தூண் இடிக்காமல், அவர்கள் மேசை போட்டு உட்கார முடிகிறது என்றால், அந்த வசதிக்கு வழி தேடியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் கான்.

பங்களாதேச அரசு 1999-ம் ஆண்டு தன் சுதந்திர தின விருதை அவருக்கு வழங்கி, அவர் உருவத்துடன் தபால் தலையும் வெளியிட்டது. சியர்ஸ் கட்டிடத்தின் பக்கத்துத் தெருச் சந்திப்புக்குச் சிகாகோ மாநகராட்சி அவர் பெயரைச் சூட்டியது. அவருடைய மகள் யாஸ்மின், தானும் ஒரு கட்டிட என்ஜினீயராகி, தந்தையின் வேலையைப் பற்றி விரிவான புத்தகம் எழுதினார்.

கானின் உடல் ஜெட்டாவிலிருந்து சிகாகோவுக்குக் கொண்டு வரப்பட்டு, கிரேஸ்லேண்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. வானளாவிய கட்டிடங்களுக்கு வித்திட்ட லூயி சல்லிவன், டேனியல் பர்ன்காம் போன்ற சிகாகோ மேதைகள் உறங்கும் இடம் அது. அவர்கள் நடுவில், டாக்காவிலிருந்து வந்த கணித ஆசிரியரின் மகனுக்கும் ஆறடி நிலம் கிடைத்தது.